மூக்குக் குழாய் பற்றி, உறவுக்காரர்களுக்கும் பிள்ளைகளுக்கும்

நினைவு திரும்பவே வழியில்லாத நிலைக்கு நான் போய்விட்டால் என்ன செய்ய வேண்டும் என்று எழுதி, நோட்டரியிடம் சான்றும் வாங்கிவிட்டேன். விஷயம் எப்படியோ கசிந்து, "வாத்தியாருக்கு ஏதோ பெரிய வியாதியாம்" என்று தாண்டிக்குடி பஸ் ஸ்டாப் வரைக்கும் பேச்சு. வியாதி எதுவும் இல்லை. கொஞ்சம் சர்க்கரை இருக்கிறது, அது யாருக்குத்தான் இல்லை. ஒவ்வொருவருக்கும் போனில் பதில் சொல்லி மாளாது என்பதால் இங்கே எழுதுகிறேன்.

இந்தப் பேச்சு வந்தாலே எல்லோரும் "மெஷினை எடுக்கிறது" பற்றித்தான் பேசுகிறார்கள். சினிமாவிலும் ஒரு சுவிட்ச், ஒரு பீப் சத்தம், அவ்வளவுதான். நான் பயப்படுகிற நிலையில் எடுப்பதற்கு மெஷினே இருக்காது. மூளைச்சாவு வேறு, டாக்டர்கள் 'வெஜிடேட்டிவ் ஸ்டேட்' என்று சொல்கிற இந்த நிலை வேறு. மூளைச்சாவில் மூளைத்தண்டும் போய்விடுகிறது, வெண்டிலேட்டர் இல்லாமல் மூச்சு கிடையாது. இந்த நிலையில் மூளைத்தண்டு பிழைத்திருக்கும், நினைவுக்கும் அறிவுக்கும் உரிய மேல்பகுதிதான் போயிருக்கும். ஆள் தானாக மூச்சு விடுவார். தூங்குவார், விழிப்பார், கொட்டாவி விடுவார், கண்ணில் நீர்கூட வழியும். அவரை உயிரோடு வைத்திருப்பது மூக்கிலோ வயிற்றிலோ போட்ட ஒரு குழாயும், அதன் வழியாகப் போகிற கஞ்சியும்தான்.

எங்கள் பெரியப்பா மகனை இந்தப் பக்கத்து ஆட்கள் மறந்திருக்க மாட்டார்கள். சில்வர் ஓக் மரத்தில் மிளகு பறிக்க ஏணி போட்டு ஏறியவர் விழுந்தார். 108 வந்து, கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி, வத்தலக்குண்டு தாண்டி மதுரை போய்ச் சேர்வதற்குள் தலைக்குள் ரத்தம் கட்டிவிட்டது. ஆபரேஷன் செய்தார்கள், உயிர் தங்கியது. அப்புறம் இரண்டு வருடத்துக்கு மேல் வீட்டுத் திண்ணை அறையில் கிடந்தார். பார்க்கப் போகிறவர்கள் எல்லோரும் "கண்ணைத் திறந்து பார்க்கிறாரே, சீக்கிரம் எழுந்துவிடுவார்" என்று சொல்லிவிட்டு ஹார்லிக்ஸ் பாட்டில் வைத்துவிட்டு வருவோம். மதினி அதை நம்பினார். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் திருப்பிப் படுக்க வைப்பது, படுக்கைப்புண்ணைக் கழுவுவது, கஞ்சியை வடிகட்டிக் குழாயில் ஊற்றுவது. ஊற்றியது நுரையீரலுக்குப் போய் நிமோனியா வந்தால் மறுபடியும் மதுரை. தோட்டத்தில் பாதி போனது. அண்ணன் கடைசியில் போனதும் அந்த நிமோனியாவில்தான். நிறுத்துவது பற்றி அந்த வீட்டில் யாரும் ஒரு நாளும் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் "சோறு போடாமல் கொன்றுவிட்டார்கள்" என்று ஊர் சொல்லும்.

அந்தச் சொல்லுக்குத்தான் இந்தப் பத்திரம். வெண்டிலேட்டர் வேண்டாம் என்று எழுதினால் போதும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அமெரிக்காவில் கேரன் ஆன் குவின்லன் என்ற பெண் 1975ல் நினைவிழந்தார். பெற்றோர் வழக்குப் போட்டு, 1976ல் நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம் வெண்டிலேட்டரை எடுக்கச் சம்மதித்தது. எடுத்தால் அவர் தானாக மூச்சு விட ஆரம்பித்துவிட்டார். உணவுக் குழாயை நிறுத்தப் பெற்றோருக்கு மனம் வரவில்லை. 1985 வரை அப்படியே இருந்தார். அதனால் நான் குழாயைப் பெயர் சொல்லியே எழுதியிருக்கிறேன்: மூக்கு வழியாகவோ வயிறு வழியாகவோ உணவும் தண்ணீரும் கொடுப்பதும் சிகிச்சைதான், அதையும் நிறுத்துங்கள், நிறுத்துகிறவர் என்னைப் பட்டினி போடவில்லை, நான் சொன்னதைச் செய்கிறார். இந்த வாக்கியத்தை மகன் எடுக்கச் சொன்னான். எடுக்கவில்லை.

சித்தப்பா ஒருவர் "இது தலைக்கூத்தல்தானே", அதாவது முடியாத கிழவர்களுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிச் சாக விடுவதுதானே, என்று நேராகவே கேட்டார். நல்ல கேள்வி. தென் மாவட்டங்களில் சில இடங்களில் நடந்த அந்தக் கொடுமையில், முடிவு எடுத்தவர்கள் பாரம் தாங்க முடியாத வீட்டார். கிழவரை யாரும் கேட்கவில்லை, பல பேருக்கு நல்ல நினைவும் இருந்தது. இங்கே கேட்கப்பட வேண்டியவன் நான். இப்போது, புத்தி தெளிவாக இருக்கும்போதே பதில் சொல்லிவிடுகிறேன். உண்ணாமல் இருந்து உயிர் விடுகிற வடக்கிருத்தலைச் சொல்லி எனக்கு ஆதரவு தெரிவித்தவர்களுக்கும் ஒன்று. கோப்பெருஞ்சோழன் நினைவோடு உட்கார்ந்து முடிவெடுத்த மனிதர். அவ்வளவு பெருமை எல்லாம் எனக்கு வேண்டாம்.

யார் பேசுவது என்பதில்தான் எல்லா வழக்கும் போய் நிற்கிறது. மும்பை கேஈஎம் மருத்துவமனை நர்ஸ் அருணா ஷான்பாக் 1973ல் தாக்கப்பட்டு, 2015ல் இறக்கும்வரை 41 வருடத்துக்கு மேல் அந்த நிலையில் இருந்தார். அவருக்கு உணவு கொடுப்பதை நிறுத்தச் சொல்லி ஒரு எழுத்தாளர் போட்ட மனுவை உச்ச நீதிமன்றம் 2011ல் தள்ளுபடி செய்தது. அவரைப் பார்த்துக்கொண்ட மருத்துவமனை ஊழியர்கள்தான் அவருக்காகப் பேச உரிமை உள்ளவர்கள், அவர்களோ அவர் வாழட்டும் என்கிறார்கள் என்றது. அந்த நர்ஸுகள் பார்த்துக்கொண்ட விதத்துக்குக் கையெடுத்துக் கும்பிட வேண்டும். ஆனாலும் அருணா என்ன சொல்லியிருப்பார் என்பது யாருக்கும் தெரியாது. அமெரிக்காவில் டெரி ஷியாவோ வழக்கும் அப்படித்தான், உணவுக் குழாயை எடுப்பதா வேண்டாமா என்று. எழுதி வைக்காத ஒரு பெண்ணுக்காகக் கணவர் ஒரு பக்கம், பெற்றோர் ஒரு பக்கம் என்று வருடக்கணக்கில் கோர்ட்டில் நின்றார்கள். 2005ல் அமெரிக்க நாடாளுமன்றமே நடுவில் புகுந்தது.

நம் நாட்டில் உச்ச நீதிமன்றத்தின் 2018 தீர்ப்பு இப்படி எழுதி வைக்க உரிமை கொடுத்தது. முதலில் மாஜிஸ்திரேட் முன்னால் போக வேண்டியிருந்தது. 2023ல் அதைத் தளர்த்திவிட்டார்கள். இரண்டு சாட்சி, ஒரு நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி போதும். பத்திரம் இருந்தாலும் உடனே எதுவும் நடந்துவிடாது. சிகிச்சை தரும் டாக்டரோடு இரண்டு நிபுணர்கள் கொண்ட குழு பார்க்கும், அப்புறம் தனியாக இன்னொரு குழு பார்க்கும். எழுதி வைத்தவர் பெயர் சொன்ன உறவினரின் சம்மதமும் வேண்டும். ஊசி போட்டு உயிரை எடுப்பது இன்றும் குற்றம்தான், நான் அதைக் கேட்கவும் இல்லை. வலிக்கு மருந்து தொடர வேண்டும் என்றும் எழுதியிருக்கிறேன்.

மகள் ஒரு விஷயத்தில் என்னைத் தடுமாற வைத்தாள். இங்கிலாந்தில் 2006ல், இந்த நிலையில் இருப்பதாகச் சொல்லப்பட்ட ஒரு பெண்ணிடம் டென்னிஸ் விளையாடுவதாக நினைத்துக்கொள்ளச் சொல்லி ஸ்கேன் எடுத்தார்கள். மூளை நல்ல நினைவுள்ளவர் மூளை மாதிரியே வேலை செய்தது. "அப்பா, உள்ளே நீங்க இருந்தா?" என்றாள். இரண்டு இரவு யோசித்தேன். உள்ளே நான் இருந்து, அசையவும் முடியாமல், சொல்லவும் முடியாமல், மகள் தன் வேலையை விட்டுவிட்டு எனக்குக் குழாயில் கஞ்சி ஊற்றுவதைப் பார்த்துக்கொண்டு கிடப்பதா? அது இன்னும் மோசம். வேறொருவருக்கு இதே செய்தி நம்பிக்கையாக இருக்கலாம். அவர் "கடைசிவரை வைத்திருங்கள்" என்று எழுதி வைக்கட்டும், அதையும் மதிக்க வேண்டும்.

அவசரப்பட வேண்டாம் என்பதையும் எழுதியிருக்கிறேன். தலையில் அடிபட்டு இந்த நிலை என்றால் 1 வருடம் எல்லா சிகிச்சையும் கொடுங்கள். மாரடைப்பில் மூளைக்கு ஆக்சிஜன் நின்று போனதென்றால் 3 மாதத்துக்குப் பிறகு திரும்புவது மிக அரிது என்பது 1994ல் அமெரிக்க நரம்பியல் நிபுணர்கள் வகுத்த கணக்கு. மகள் பேரம் பேசி அதை 6 மாதம் ஆக்கினாள். முடிவு சொல்ல முதல் பெயர் அவளுடையது. மகன் கோபித்துக்கொண்டான். அவனால் முடியாது என்பது அவனுக்கே தெரியும், ஆட்டுக்குட்டி செத்ததற்கே மூன்று நாள் சாப்பிடாதவன். அவன் பெயர் இரண்டாவது. அவனுக்குப் போன் போட்டு "அப்பனை இப்படி எழுத விட்டியே" என்று கேட்கிறவர்கள் தயவுசெய்து என்னிடம் கேளுங்கள்.

கடைசியாக ஒரு உதவி. உள்ளூர் நிர்வாகம் இதற்கென ஓர் அலுவலரை நியமித்து, பத்திரத்தின் நகலை வாங்கி வைக்க வேண்டும் என்று தீர்ப்பிலேயே இருக்கிறது. நான் கொண்டுபோன அலுவலகத்தில் புரட்டிப் பார்த்துவிட்டு "இது எந்த ஸ்கீம் சார்?" என்று கேட்டு, வைக்க ஃபைல் இல்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். கொடைக்கானல் தாலுகாவிலோ திண்டுக்கல் மாவட்டத்திலோ யாராவது இதைக் கொடுத்து ரசீது வாங்கியிருந்தால், எந்த அலுவலரிடம் என்று கீழே சொல்லுங்கள்.