லெகஹ்: ஒன்பதே இடத்தில் வருகிற ஒரு சொல்

"நான் உங்களுக்கு நற்போதகத்தைத் தருகிறேன்." நீதிமொழிகள் 4:2. இந்த வசனத்தை எத்தனை தடவை வாசித்திருப்பேன் என்று கணக்கே இல்லை. ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்கு மனப்பாட வசனமாகவும் கொடுத்திருக்கிறேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால், மூன்றாம் வகுப்புப் படித்த ஒரு பெண்பிள்ளை இதைத் தப்பில்லாமல் ஒப்பித்துப் பென்சில் டப்பா பரிசு வாங்கினாள். வாங்கிய கையோடு, "நற்போதகம்னா என்னண்ணே?" என்று கேட்டாள். "நல்ல புத்திமதிம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டுவிட்டேன்.

போன மாதம் அதே பாடத்தை மறுபடி எடுக்க வேண்டி வந்தது. பழைய ஏற்பாட்டின் மூலமொழியான எபிரெயத்தில் அந்த இடத்தில் என்ன சொல் இருக்கிறது என்று பார்க்கப் போனவன், ராத்திரி பன்னிரண்டு மணி வரைக்கும் அந்த ஒரு சொல்லிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

சொல், லெகஹ். லாமேட், கோப், கேத் என்று மூன்று எழுத்து. நம் வேதாகமத்தில் 119-ஆம் சங்கீதத்துக்கு நடுநடுவே தலைப்பாக வருமே, அந்த எழுத்துகள்தான். பழைய ஏற்பாடு முழுக்கத் தேடினாலும் இந்தச் சொல் ஒன்பது இடத்தில்தான் வருகிறது. ஆறு நீதிமொழிகளில்; உபாகமம், யோபு, ஏசாயாவில் ஒவ்வொன்று.

போதனைக்கு எபிரெயத்தில் வேறு சொற்கள் இல்லாமல் இல்லை. தோரா 200 தடவைக்கு மேல் வருகிறது. மூசார் 50 தடவை. தோரா என்றால் வழிகாட்டுதல். மூசார் என்றால் கண்டித்துத் திருத்துதல். பிரம்பும் அதற்குள் அடக்கம். இரண்டிலும் முன்னால் நிற்பவர் வாத்தியார்தான். லெகஹ் அப்படியில்லை. அதன் வேர் லாகஹ், அதாவது 'எடுத்துக்கொள்'. ரொட்டியை எடுத்தான், கல்லை எடுத்தான், பெண் கொண்டான் என்று வேதாகமத்தில் எங்கே பார்த்தாலும் வருகிற சாதாரண வினைச்சொல். அதிலிருந்து பிறந்த லெகஹ், ஒருவர் எடுத்துக்கொண்ட போதனை. படிக்கிறவர் கைக்கு வந்து சேர்ந்த பிறகுதான் அதற்கு அந்தப் பெயர்.

இப்போது 4:2-ஐ மூலத்தின்படி சொல்லிப் பாருங்கள். 'நல்ல கொள்ளலை உங்களுக்குக் கொடுத்தேன்.' கொடுப்பதும் கொள்வதும் ஒரே வரியில். அடுத்த வசனத்திலேயே அந்தத் தகப்பன், தானும் ஒரு தகப்பனுக்குச் செல்லப்பிள்ளையாக இருந்த கதையைத் தொடங்குகிறான். 'அவர் எனக்குச் சொன்னார்' என்கிறான். அவன் கொடுப்பது, முன்பு அவன் எடுத்துக்கொண்டது. எடுத்துக்கொள்ளாதவனிடம் கொடுக்க என்ன இருக்கும்?

யூத வேத ஆசிரியர்களான ரபிமார் இதை இன்னொரு பக்கமிருந்து பார்த்தார்கள். அவர்களுடைய எபிரெயத்தில் லாகஹ் என்றால் விலைக்கு வாங்குவது. அவர்களுடைய விளக்கங்களின் தொகுப்பான தல்மூதில் ஒரு இடம்: ஒருவன் பொருளை விற்றால் விற்றவனுக்கு வருத்தம், வாங்கியவனுக்குச் சந்தோஷம்; கடவுளோ தோராவை, அதாவது மோசேயின் நியாயப்பிரமாணத்தைக் கொடுத்துவிட்டுத் தாமே சந்தோஷப்பட்டார். அதற்கு ஆதாரமாக அவர்கள் காட்டுவது இந்த 4:2-ஐத்தான். ஜெப ஆலயத்தில் தோராச் சுருளை வாசித்து முடித்துப் பேழைக்குள் திரும்ப வைக்கும்போது இன்றைக்கும் இதே வசனத்தைப் பாடுகிறார்கள்.

சரி, எடுத்துக்கொண்டதெல்லாம் நல்லதா? அதுவும் இல்லை. நீதிமொழிகள் 7:21-இல் வாலிபனை மயக்கிக் கூட்டிக்கொண்டு போகிற பெண்ணின் பேச்சுக்கும் லெகஹ் என்றுதான் பெயர். நம் தமிழில் 'இனிய சொற்கள்' என்று இருக்கிறது. மனசுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிற எந்தப் பேச்சும் லெகஹ்தான். அதனால்தான் 4:2-இல் தகப்பன் வெறும் லெகஹ் என்று விடாமல் 'நல்ல' என்று ஒரு சொல்லைச் சேர்க்கிறான் என்று எனக்குப் படுகிறது. நான் பல வருஷமாகக் கவனிக்காமல் விட்டது அந்த 'நற்'.

நம் மொழிபெயர்ப்பில் இந்தச் சொல் உபதேசம், போதகம், அறிவு, கல்வி, சொல் என்று இடத்துக்கு ஒன்றாகப் பிரிந்து கிடக்கிறது. குறை சொல்லவில்லை, ஒவ்வொன்றும் அந்தந்த இடத்துக்குப் பொருந்துகிறது. ஆனால் எடுத்துக்கொள்கிறவன் காணாமல் போய்விடுகிறான். போதகம் என்றதும் நமக்கு மேடையில் நிற்கிற போதகர்தானே ஞாபகம் வருகிறார்!

தமிழுக்கு இது புதிய யோசனையும் இல்லை. நம் 'கொள்'ளும் லாகஹ் மாதிரியேதான். எடுப்பது, விலைக்கு வாங்குவது, பெண் கொள்வது எல்லாம் அதில் உண்டு. மனசில் வாங்கிக்கொண்டது கொள்கை. நன்னூல் என்கிற பழைய இலக்கண நூல், ஆசிரியர் சொல்லித்தருவதை 'ஈதல்' என்றும், மாணவர் கற்பதைக் 'கோடல்' என்றும் சொல்கிறது. கோடல் என்றால் கொள்ளல். "கொள்வோன் கொள்வகை அறிந்து" கொடு என்று ஆசிரியருக்குச் சொன்ன மொழியில்தான் நாம் பிள்ளைகளுக்கு வசனத்தை உருப்போட வைத்துப் பென்சில் டப்பா கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

மனப்பாடமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உபாகமம் 32:2-இல் மோசே தன் லெகஹ் மழையைப் போலப் பொழியும், தன் வசனம் பனித்துளியைப் போல இறங்கும் என்று பாடுகிறார். மழை பெய்த அன்றைக்கே பயிர் விளைந்துவிடாது. மனப்பாட வசனமும் அப்படி இறங்கிக் கிடக்கலாம். ஆனால் ஒப்பித்த நிமிஷத்தில் பாடம் முடிந்தது என்று நாம் எழுந்துவிடுவதுதான் தப்பு. நான் செய்தது அதுதான்.

அந்தப் பிள்ளை இப்போது ஐந்தாம் வகுப்பு. போன ஞாயிறு அவளைக் கூப்பிட்டு, "அன்னைக்கு ஒன்னு கேட்டேல்ல? நற்போதகம்னா, நீ எடுத்துக்கிட்ட நல்லதும்மா" என்றேன். அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். "அப்போ சொல்லிக்குடுத்தும் எடுத்துக்காம மொணமொணன்னு இருக்கிறவங்க?" என்று கடைசி வரிசையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

ஏசாயா 29:24-ஐத் திறந்து அவளையே வாசிக்கச் சொன்னேன். "முறுமுறுக்கிறவர்கள் உபதேசம் கற்றுக்கொள்ளுவார்கள்." நம் வேதாகம வரிசையில் லெகஹ் வருகிற ஒன்பதாவது இடம் அது.