‘கூல் லிப்’ வெறும் புதினாப் பையா?

சென்னைப் பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் இப்படி ஒரு தகவல் சுற்றுகிறது: “கூல் லிப்பில் புகையிலை இல்லை, வாய் மணக்க வைக்கும் புதினாப் பைதான். புகையே வராததால் கெடுதலும் இல்லை.” இது தவறு.

அந்தச் சின்ன வெள்ளைப் பைக்குள் இருப்பது பொடித்த புகையிலை. புதினா வாசனை அதன் காரத்தை மறைக்க மட்டுமே. உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கியதும் நிகோடின் வாயின் மெல்லிய தோல் வழியாக நேரே ரத்தத்தில் கலக்கிறது. புகை இல்லாவிட்டாலும் புகையிலையிலுள்ள நைட்ரோசமைன்கள் என்ற நச்சு வேதிப்பொருட்கள் வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும். வளரும் மூளை நிகோடினுக்கு மிக விரைவில் அடிமையாகும்.

பிள்ளையின் கீழுதட்டை மெல்ல இழுத்துப் பாருங்கள். பை வைக்கும் இடத்தில் தோல் வெளுத்துச் சுருங்கியிருக்கலாம், ஈறு இறங்கியிருக்கலாம். பல் மருத்துவரிடம் காட்டுங்கள். தயவுசெய்து அடிக்காதீர்கள், அடித்தால் ஒளித்து வைப்பார்கள், அவ்வளவுதான்.

நிறுத்தினால் முதல் 2, 3 நாட்கள் எரிச்சலும் தூக்கமின்மையும் கடுமையாக இருக்கும். பலர் தோற்பது இங்கேதான். ஏக்கம் சில நிமிடங்களில் தணியும். அதுவரை தண்ணீர், சீரகம், சின்ன நடை போதும். பதிலுக்குப் பாக்கு கொடுக்காதீர்கள், அதுவும் புற்றுநோய் தருவதே. நிகோடின் சூயிங்கமும் மருத்துவர் சொல்லாமல் வேண்டாம். இலவச ஆலோசனைக்கு 1800 11 2356.

18 வயதுக்குட்பட்டவருக்குப் புகையிலை கொடுத்தால், சிறார் நீதிச் சட்டம் 77-ஆம் பிரிவின்படி 7 ஆண்டு வரை சிறை. பள்ளியருகே விற்கும் கடையைக் கண்டால் 100-க்கு அழையுங்கள்.