பெடலுக்குள் பல்பு

(ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர் கடை. மெல்லிசைக் குழுவில் கிடார் வாசிப்பவர், காலால் மிதித்துச் சத்தத்தை ஏற்றி இறக்கும் வால்யூம் பெடலை மேஜைமேல் தொப்பென்று வைக்கிறார்.)

கிடாரிஸ்ட்: அண்ணே, நேற்று கல்யாணக் கச்சேரியில் மானம் போய்விட்டது. பெடலை மிதிக்கும்போதெல்லாம் 'கரகர'ன்னு சத்தம். பாட்டுக்காரருக்குத் தொண்டை கட்டிவிட்டது என்று நினைத்து, பெண்ணோட பெரியப்பா சுக்குக் கஷாயம் கொடுத்தனுப்பினார்.

மெக்கானிக்: குடித்தாரா?

கிடாரிஸ்ட்: ரெண்டு டம்ளர். அவருக்குக் குரல் கணீர்னு ஆகிவிட்டது. பெடல்தான் அப்படியே இருக்கிறது.

மெக்கானிக்: (கழற்றிப் பார்த்து) உள்ளே இருப்பது ரேடியோவில் திருகுகிற அதே வால்யூம் கண்ட்ரோல்தான். கார்பன் பட்டைமேல் ஒரு தகடு உரசிக்கொண்டே போகும். கச்சேரி முழுக்க மிதித்தால் தேயாமல் என்ன செய்யும்? தூசி வேறு. கிளீனர் அடித்துத் தருகிறேன், கொஞ்ச நாள் ஓடும். இந்தத் தொல்லையே வேண்டாம் என்றால் ஆப்டிகல் பெடல் வாங்கு.

கிடாரிஸ்ட்: ஆப்டிகலா? மூக்குக் கண்ணாடிக் கடையில் கிடைக்குமா?

மெக்கானிக்: உள்ளே ஒரு பல்பு. எதிரே எல்.டி.ஆர்., அதாவது வெளிச்சத்துக்குத் தக்கபடி மின்தடை மாறுகிற, நெளிநெளியாகக் கோடு போட்ட சின்ன வட்டு. நடுவில் ஒரு மறைப்பு. நீ மிதித்தால் மறைப்பு விலகி வெளிச்சம் அதன்மேல் விழும். இருட்டில் பல லட்சம் ஓம் இருக்கிற மின்தடை, வெளிச்சம் பட்டதும் சரசரவென்று இறங்கும். சத்தம் ஏறும். எதுவும் எதன்மேலும் உரசாது. சாயங்காலமானால் தெருவிளக்கு தானாக எரிகிறதே, அங்கேயும் இவர்தான் வேலை பார்க்கிறார்.

கிடாரிஸ்ட்: பல்பு வாங்குவது எனக்குப் பழக்கம்தான். காலுக்கு வாங்குவதுதான் புதுசு.

மெக்கானிக்: 1970-களிலேயே அமெரிக்காவில் மோர்லி பெடலில் இந்த வித்தை உண்டு. இப்போது பல்புக்குப் பதில் எல்.இ.டி. போடுகிறார்கள். என்ன, எல்.டி.ஆர். கொஞ்சம் நிதானமான ஆள். வெளிச்சம் போனாலும் ஒரு கணம் யோசித்துத்தான் அடங்கும்.

கிடாரிஸ்ட்: எங்கள் டிரம்மரைவிட வேகம்தானே?

மெக்கானிக்: அதைப் பற்றிக் கவலைப்படாதே. ஆனால் 9 வோல்ட் பேட்டரியோ அடாப்டரோ வேண்டும். கேபிளைச் சொருகியபடியே விட்டுத் தூங்கினால் காலையில் பேட்டரி காலி. வெளிச்சம் போனால் சத்தமும் போச்சு.

கிடாரிஸ்ட்: என் பழைய பெடலில் கரகரவாவது வருகிறது! சரி, மூடியைக் கழற்றிவிட்டு வாசித்தால்?

மெக்கானிக்: மேடை வெளிச்சம் உள்ளே புகுந்துவிடும். காலை எடுத்தாலும் சத்தம் அடங்காது.

கிடாரிஸ்ட்: பக்கத்தில் சீரியல் லைட் மினுக்கினால்?

மெக்கானிக்: உன் கிடாரும் விட்டுவிட்டுக் கேட்கும். 1960-களில் ஃபெண்டர் கம்பெனி ஆம்ப்ளிஃபயருக்குள்ளேயே நியான் பல்பை மினுக்கவிட்டு, எல்.டி.ஆரை வைத்து இதே வேலையைச் செய்தார்கள். டிரெமலோ என்று அதற்குப் பெயர்.

கிடாரிஸ்ட்: அப்போ கூட்டம் செல்போன் டார்ச் அடித்தால் என் சோலோ தானாக ஏறுமே!

மெக்கானிக்: டார்ச் அடிக்க முதலில் கூட்டம் உட்கார்ந்திருக்க வேண்டும். நீங்கள் வாசிப்பது பந்தி நேரத்தில்.

கிடாரிஸ்ட்: அதை விடுங்கண்ணே. மூடி இல்லாமல் வாங்கினால் விலை குறையுமா?