ஒலிநாடா உங்களுடையது, வாரியாரின் வாக்கு உங்களுடையதா?

நேற்று முதல் மனம் ஆறவில்லை. அந்தப் பெரியவரின் யூடியூப் சேனல் முடக்கப்பட்டதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கோயில் திருவிழாக்களில் பதிவான கிருபானந்த வாரியார் சுவாமிகளின் விரிவுரைகளை வீடு வீடாகக் கேட்டு வாங்கி, இரைச்சலைக் குறைத்து, ஒரு விளம்பரம்கூட இல்லாமல் ஏற்றிவந்தவர். ஒரு கேசட் நிறுவனம் அடுத்தடுத்துப் பதிப்புரிமைப் புகார் கொடுத்தது. எல்லாம் போயிற்று. அவரைத் திருடன் என்றும் சிலர் எழுதுகிறார்கள்.

அந்த நிறுவனம் பணம் போட்டுப் பதிவுசெய்த கேசட்டை வேறொருவர் எடுத்து ஏற்றினால் தவறுதான். ஒலிப்பதிவைத் தயாரித்தவருக்கு, அது வெளியான பின் 60 ஆண்டுகள் சட்டம் உரிமை தருகிறது. ஆனால் அந்த உரிமை அந்த நாடாவோடு நின்றுவிடுகிறது. பொதுமேடைப் பேச்சுக்கு முதல் உரிமையாளர் பேசியவரே என்கிறது 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு. சுவாமிகள் மறைந்தது 1993 நவம்பரில். அவருடைய பேச்சின் உரிமை 2053 முடியும்வரை வாரிசுகளுக்கோ, அவர் எழுதிக்கொடுத்தவர்களுக்கோ உரியது.

‘அப்படியானால் அந்தப் பெரியவருக்கும் உரிமை இல்லையே’ என்பீர்கள். இல்லைதான். கேட்க வேண்டியவர்கள் கேட்கட்டும், அவர் கைகட்டிப் பதில் சொல்வார். நிறுவனத்தாரே, நீங்கள் யார் கேட்பதற்கு? ஒப்பந்தம் இருக்கிறதென்றால் காட்டுங்கள். நீங்கள் பதிவுசெய்த விரிவுரைகளுக்கா, அவர் ஆயுள் முழுக்கப் பேசிய அத்தனைக்குமா?

எங்கள் ஊர் முருகன் கோயிலுக்கு அவர் வந்தபோது, மைக்செட்காரரின் ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் டேப்ரெக்கார்டரை வைத்துப் பதிவுசெய்தவர் என் அப்பா. அட்டையில் நீல மையில் ‘வள்ளி திருமணம், இரண்டாம் நாள்’ என்று எழுதிவைத்தார். அதில் ஜெனரேட்டர் ஓடும் சத்தம் கேட்கும். நடுவில் சுவாமிகள் கதையை நிறுத்தி முன்வரிசைப் பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கேட்கிறார். ஒரு சிறுமி பயந்துபயந்து பதில் சொல்கிறாள், கூட்டம் கைதட்டுகிறது. பார்வை மங்கிய பிறகு என் அம்மாவின் மாலைப்பொழுதுகள் அந்த நாடாவில்தான் கழிந்தன. அதைத்தான் பெரியவரிடம் கொடுத்திருந்தேன். அதன் மீதும் புகார். எங்கள் ஊர்ச் சிறுமியின் குரலும் இவர்கள் தயாரித்ததா?

‘பக்தி என்றால் எல்லாம் இலவசமா?’ என்று ஒருவர் பின்னூட்டத்தில் கேட்டிருக்கிறார். இலவசம் என்று நான் சொல்லவேயில்லை. தனதல்லாததைத் தனது என்று ஒருவர் சொல்வதைத்தான் தட்டிக்கேட்கிறேன்.

அந்த விரிவுரைகளில் சுவாமிகள் உருகிப் பாடும் திருப்புகழ் நமக்கு எப்படிக் கிடைத்தது? வடக்குப்பட்டு சுப்பிரமணிய பிள்ளை மாவட்ட முன்சீப் என்னும் நீதிபதி வேலைக்கு இடையே ஊர் ஊராக ஏடுகளைத் தேடினார். 1894இல் முதல் தொகுதியைக் கொண்டுவந்தார். ஏடு வைத்திருந்தவர்கள் கொடுத்தார்கள், அதனால்தான் இன்று 1,300க்கு மேற்பட்ட பாடல்கள் கையில் இருக்கின்றன. பெரியவர் செய்ததும் அந்த வேலைதான். அவரைத் திருடன் என்று எழுத எப்படி மனம் வந்தது?

நிறுவனத்தாருக்குச் சொல்கிறேன்: எந்தக் கேசட்டின் எந்தப் பகுதி உங்களுடையது என்று எழுதிக்கொடுங்கள், அதை மட்டும் நீக்கச் சொல்லுங்கள். கோயில் பதிவுகள் மீதான புகாரைத் திரும்பப் பெறுங்கள்.

வீட்டில் இப்படிப்பட்ட நாடா வைத்திருப்பவர்கள் இந்தத் தகராறு முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். பூஞ்சை பிடித்த நாடா ஓடாது. இப்போதே கணினியில் படியெடுத்து, ஊரும் நாளும் குறித்து வையுங்கள். எங்கே ஏற்றுவது என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.