நட்டி நட்டாஷா ஒரே பாட்டால் மேலே வந்தவர் இல்லை
லத்தீன் இசைப் பாடகி நட்டி நட்டாஷா புவேர்ட்டோ ரிக்கோ பெண் என்றும், 2017-இல் பாடகர் ஒசுனா தயவில் 'கிரிமினல்' பாட்டு மூலம் திடீரென்று மேலே வந்தவர் என்றும் ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டுமே தப்பு. அவர் டொமினிக்கன் குடியரசின் சாந்தியாகோ நகரத்தில் பிறந்தவர். அப்புறம், 'கிரிமினல்' வருவதற்கு ஐந்து வருடம் முன்பே, 2012-இல், பாடகர் டான் ஒமருடன் பாடிய 'டட்டி லவ்' அமெரிக்க இசைப் பத்திரிகையான பில்போர்டின் லத்தீன் பாடல் பட்டியலில் முதலிடம் பிடித்தது, அதுவும் பின்னணியில் நாலு வரி முனகிவிட்டுப் போன பாட்டு இல்லை, போட்டுக் கேட்டுப் பாருங்கள், டான் ஒமருக்குச் சமமாக நிற்கிற குரல்.

'கிரிமினல்' அவரைப் பல மடங்கு பெரிய கூட்டத்திடம் கொண்டுபோனது, அதை மறுக்கவில்லை. ஆனால் அடுத்த வருடமே பாடகி பெக்கி ஜி-யுடன் 'சின் பிஜாமா' பாடினாரே, அதில் எந்த ஆண் பாடகர் கைதூக்கி விட்டார்? ஆண்களே கோலோச்சிய ரெகேட்டான் என்ற லத்தீன் நடன இசையில் இரண்டு பெண்கள் மட்டும் பாடி உலகம் முழுக்க ஹிட்டான பாட்டு அது. 2019-இல்தான் முதல் ஆல்பம் வந்தது. இத்தனை வருட உழைப்பை இன்னொருவர் கணக்கில் எழுதுவது நியாயமே இல்லை.