வைக்கோல் போரில் படுத்த ஆல்பம்

என் பழைய ஹார்ட் டிஸ்க்கில் 'பிலால் புதுசு' என்று ஒரு ஃபோல்டர் கிடக்கிறது. 2007-ல் அறைத்தோழன் காப்பி பண்ணிக் கொடுத்தது. பாதிப் பாட்டுக்குப் பெயரே கிடையாது, 'ட்ராக் 4', 'ட்ராக் 9' என்றுதான் இருக்கும். ஒரு பாட்டு நடுவில் பட்டென்று நின்றுவிடும். ரொம்ப நாள், அது அப்படித்தான் முடிகிறது என்று நம்பி, "என்ன முடிப்பு பாருடா!" என்று நாலு பேரிடம் சிலாகித்தும் இருக்கிறேன்.

அது 'லவ் ஃபார் சேல்'. அமெரிக்க சோல் இசைப் பாடகர் பிலாலின் இரண்டாவது ஆல்பம். பெயரில் மட்டும்தான் விற்பனை, கடைக்கு வரவே இல்லை.

பிலால் ஃபிலடெல்ஃபியாக்காரர். நியூயார்க்கில் இசை படித்தவர். பியானோ கலைஞர் ராபர்ட் கிளாஸ்பர் அங்கே கூடப் படித்தவர். 2001-ல் இன்டர்ஸ்கோப் என்ற இசைக் கம்பெனி வெளியிட்ட முதல் ஆல்பத்தில் டாக்டர் ட்ரே, ஜே டில்லா, ரஃபேல் சாதிக் என்று பெரிய தலைகள் எல்லாம் தயாரிப்பில் இருந்தார்கள். அதே ருசியில் இன்னொன்று வேண்டும் என்பது கம்பெனியின் ஆசை. இவரோ கிதார் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் கட்டிய எலெக்ட்ரிக் லேடி ஸ்டுடியோவுக்குப் போய், வாத்தியக்காரர்களை உட்காரவைத்துத் தன் இஷ்டத்துக்குப் பாடினார். வியாபாரம் ஆகாது என்றது கம்பெனி. இழுத்துக்கொண்டே போய், 2006-ல் மொத்த ஆல்பமும் இணையத்தில் கசிந்தது. அதோடு அதைப் பரணில் போட்டுவிட்டார்கள்.

கேட்டவர்களுக்குத் தெரியும், அந்தக் குரல் ஒரு வரியை மெல்லிய கள்ளக்குரலில் தொடங்கி, அடித்தொண்டைக்கு இறங்கி உறுமி, சொல்லை முடிக்காமல் விட்டுவிட்டுப் போகும். டிரம்ஸ் இம்மி பிந்தி விழும். இதை ரேடியோவில் விளம்பரத்துக்கு நடுவே போடுவது கஷ்டம்தான், ஒத்துக்கொள்கிறேன்.

"காசு போட்டவன் முடிவெடுக்கிறான், இதில் என்ன தப்பு?" என்று போன வாரம் நண்பர் ஒருவர் கேட்டார். சரி, அந்தக் காசு எப்படி வருகிறது என்று பாருங்கள். ஸ்டுடியோ செலவெல்லாம் பெரும்பாலும் பாடகருக்குத் தரும் முன்பணத்தில் எழுதப்படும். அவருக்கு வரவேண்டிய ராயல்டியில் அதைக் கழித்துக்கொள்வார்கள். கழித்து முடித்த பிறகும் மாஸ்டர், அதாவது பாட்டின் மூலப்பதிவு, கம்பெனியிடம்தான். அதே பாட்டை வேறு இடத்தில் திரும்பப் பாடிப் பதிவு செய்யவும் இத்தனை வருஷம் கூடாது என்று எழுதியிருப்பார்கள். ஆல்பம் வெளியே வந்தால்தானே ராயல்டி? வெளியிடுவதா வேண்டாமா என்பதும் அவர்கள் கையில். வைக்கோல் போரில் படுத்த நாய் கதைதான். தானும் தின்னாது, மாட்டையும் விடாது.

வெளியிடாதே, தாராளமாக. மூன்று வருஷம் ஆனதும் போட்ட செலவை வாங்கிக்கொண்டு மாஸ்டரைப் பாடினவர் கையில் கொடுத்துவிடு. இப்படி ஒரு வரி ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் கட்டாயம் இருக்க வேண்டும் என்பேன். அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தில் எழுதிக்கொடுத்த உரிமையைத் திரும்ப வாங்க ஒரு வழி இருக்கிறது. அதற்குக் குறைந்தது 35 வருஷம் காத்திருக்க வேண்டும். அப்போதும் 'இது கூலிக்குச் செய்த வேலை, உனக்கு உரிமை இல்லை' என்று கம்பெனிகள் வழக்காடுகின்றன. பாடகர் மார்வின் கேயின் 1972 ஆல்பத்தை மோடவுன் கம்பெனி முடக்கி வைத்தது. அது வெளிவந்தது 2019-ல். மனிதர் செத்து 35 வருஷம்!

இதில் எனக்கும் பங்கு உண்டு. கசிந்ததைத்தானே கேட்டேன்? பத்துக் காசு பிலாலுக்குப் போகவில்லை. கசிவுதான் ஆல்பத்தைக் கொன்றது என்பார்கள். கசியாமல் இருந்திருந்தால் நான் கேட்டிருக்கவே மாட்டேன். இரண்டும் உண்மை. எனக்கு இன்னும் இது ஜீரணமாகவில்லை.

அவர் ஓயவில்லை. 2010-ல் ஒரு சின்ன லேபிளில் 'ஏர்டைட்ஸ் ரிவெஞ்ச்' வந்தது. 2016-ல் ராப் பாடகர் கென்ட்ரிக் லமாரோடு பாடியதற்கு கிராமி விருது. அந்த மகிழ்ச்சியில் பழைய ஆல்பத்தைத் தேடியபோதுதான் என் அறுந்த பாட்டின் முழு வடிவம் யூடியூபில் கிடைத்தது. யாரோ ரசிகர் ஏற்றியிருந்தார். நான் முடிவு என்று நினைத்த இடத்துக்கு அப்புறம்தான் பியானோ உள்ளே வருகிறது.