பழைய டெம்ப்ளேட்டை அப்படியே நகலெடுக்க முடியாது

மென்பொருளின் புதுப் பதிப்புகளை சர்வர்களில் நிறுவி வெளியிட உதவுவது மைக்ரோசாஃப்டின் ரிலீஸ் மேனேஜ்மென்ட். கணினியில் நிறுவி ஓட்டும் அதன் பழைய கிளையன்ட்டில் இருந்து, பிரவுசரில் இயங்கும் வெப் பதிப்புக்கு மாறுவது இரண்டு நாள் வேலை என்று ஒரு கட்டுரையில் படித்தேன். எங்களுக்கு ஆறு வாரம் பிடித்தது. 2013இல் மைக்ரோசாஃப்ட் வாங்கிய இன்ரிலீஸ்தான் அந்தக் கிளையன்ட். டிஎஃப்எஸ் (டீம் ஃபவுண்டேஷன் சர்வர், மைக்ரோசாஃப்டின் மென்பொருள் உருவாக்கத் தளம்) 2015 அப்டேட் 2இல் வந்த வெப் பதிப்புக்கு உள்ளமைப்பே வேறு. பழையதில் ஒவ்வொரு சர்வரிலும் ஒரு டிப்ளாய்மென்ட் ஏஜென்ட் (மென்பொருளை அங்கே நிறுவும் சிறு புரோகிராம்) இருந்து, டெம்ப்ளேட்டில் நாம் வரைந்து வைத்த செயல்களை ஓட்டும். புதியதில் பில்டுக்கு, அதாவது கோடை ஓடக்கூடிய மென்பொருளாக மாற்றுவதற்குப் பயன்படும் அதே ஏஜென்ட்தான் டாஸ்க்குகளை வரிசையாக ஓட்டுகிறது. சரி, பழைய செயல்களை என்ன செய்வது? ஒவ்வொன்றையும் பவர்ஷெல் ஸ்கிரிப்டாக எழுதி, புரோகிராம் கோடுடன் சேர்த்து வெர்ஷன் கன்ட்ரோலில் வைத்தோம். நாள் போனது இதில்தான், ஆனால் வீண் போகவில்லை. எந்த ஸ்கிரிப்டை யார், எப்போது மாற்றினார்கள் என்பது இப்போது எல்லோருக்கும் தெரிகிறது. நள்ளிரவில் டிப்ளாய்மென்ட் உடைந்தால் அந்த அருமை புரியும்.

அப்புறம் பாஸ்வேர்டுகள். மறைத்து வைத்த மதிப்புகளைத் திரையில் திரும்பப் பார்க்க வழியில்லாததால், ஒவ்வொரு குழுவிடமும் கேட்டு வாங்கி மறுபடி உள்ளிட்டோம். இதற்கென்று தனியாக ஒரு வாரம் ஒதுக்குங்கள்.

பழைய சர்வரை உடனே அணைத்துவிடாதீர்கள். யார் எந்த வெளியீட்டுக்கு ஒப்புதல் தந்தார்கள் என்ற வரலாறு எங்களுக்குப் புதியதில் வந்து சேரவில்லை, தணிக்கையில் அதைத்தான் முதலில் கேட்டார்கள்.